திறக்காத லிங்க்

விசாலாட்சிக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அதிலும் குழுவில் யாராவது வெறும் லிங்க்கைப் போட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அவளிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது.

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில், சரக்குப் பிரிவில், இருபத்திரண்டு வருஷ வேலை. உள்ளே என்ன இருக்கிறது, யார் அனுப்பினார், எப்போது அனுப்பினார் என்று சீட்டு ஒட்டாத பெட்டியை நகர்த்த விடமாட்டாள். அதே சட்டத்தைத்தான் 'சிராங்கூன் சொந்தங்கள்' இணையக் குழுவிலும் வைத்திருந்தாள். எட்டு வருஷமாய் அவள்தான் அட்மின். லிங்க் போடணுமா? முதலில் முழுசாகப் படி. எந்த ஊர்ச் செய்தி, எந்தத் தேதி, ஏன் போடுகிறாய் என்று சொந்தமாக ரெண்டு வரி எழுது. சொந்தக் கடை லிங்க் என்றால் என் கடை என்று வாய்விட்டுச் சொல். இல்லாவிட்டால் தூக்கிக் கடாசிவிடுவாள். "லிங்க் போலீஸ்" என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, அவளுக்கென்ன வந்தது!

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் இந்தச் சட்டம் கிடையாது. துரைசாமி, ஓய்வுபெற்ற ஆசிரியர். சிராங்கூனை விட்டுக் குவீன்ஸ்டவுனுக்குக் குடிபோய்விட்டாலும் குழுவை ஆரம்பித்தவர் அவர்தான். காலையில் காப்பி குடிக்கிற நேரத்தில் "படிக்கவும்" என்று ஒற்றை வார்த்தையோடு நாலு லிங்க் போடுவார். வயசில் மூத்தவர், அவரிடம் போய் எப்படிக் கேட்பது? விசாலாட்சி கண்டும் காணாத மாதிரி இருந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் ஒன்று வந்தது. 'பிரியாணி சாப்பிட்ட முப்பது பேர் மருத்துவமனையில்' என்று தலைப்பு. கூடவே வந்த படத்தில், குழுவில் எல்லாருக்கும் தெரிந்த சாயிரா பானுவின் பிரியாணிக் கடை! சிராங்கூன் சாலைப் பக்கம், பல சாப்பாட்டுக் கடைகள் சேர்ந்திருக்கும் காப்பிக்கடைக்குள் சாயிரா நடத்துகிற அதே கடை, மஞ்சள் பலகையில் பேர் பளிச்சென்று தெரிந்தது. கீழே வழக்கம்போல "படிக்கவும்".

எவன் படித்தான்? படத்தைப் பார்த்தார்கள், பொங்கிவிட்டார்கள். "ஐயோ, நம்ம சாயிரா கடையா?" "நேத்துதான் பிள்ளைங்களுக்கு வாங்கிட்டுப் போனேன்!" "அப்பவே நெனச்சேன்." அறுபத்து மூன்று பேர் எழுதினார்கள். வேறு குழுக்களுக்கு எத்தனை பேர் தள்ளிவிட்டார்களோ, யாருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை மத்தியானம் சாயிரா பானுவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, மூணு நாளா அண்டா அப்படியே இருக்கு. ரெண்டு கல்யாண ஆர்டர் கேன்சல். அது ஏதோ வெளிநாட்டுல, ஏழு வருஷத்துக்கு முன்னால நடந்தது. எவனோ படம் தேடி என் கடையப் போட்டிருக்கான். உள்ள போய்ப் பாத்தா தெரியும். நீங்க தெறந்து பாத்தீங்களா?"

"இல்ல சாயிரா. துரைசாமி அண்ணன் போட்டதுன்னு..."

"எல்லாரையும் இதத்தானேக்கா கேப்பீங்க?"

போனை வைத்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் பாதி, தன் மேல் மீதி. அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, துரைசாமியைக் கடைக்கே வரச் சொன்னாள்.

அவர் வந்தார். காலி மேசைகளைப் பார்த்தார், மூடி திறக்காத அண்டாவைப் பார்த்தார். "அட, இப்படி ஆயிடுச்சா! டெலிட் பண்ணிட்டா போச்சு லா."

"டெலிட் பண்ணினா? பயந்து எடுத்துட்டாங்க, அப்ப உண்மைதான்னு பேசுவாங்க. உங்களுக்கு வெக்கமா இருக்கும், அதுக்காக இவ பேரு கெட்டே கிடக்கணுமா? அந்த லிங்க்குக்குக் கீழயே எழுதுங்கண்ணே. படிக்காம போட்டேன், இது சாயிரா பானு கடை இல்லன்னு எழுதுங்க."

"குழுவுல இத்தனை பேர் முன்னாடியா, விசாலம்?"

"இத்தனை பேர் முன்னாடிதானே போட்டீங்க!"

துரைசாமி முகம் சிவந்து, ஒற்றை விரலால் தட்டி முடித்தார். அதன் கீழே விசாலாட்சி தன் பேரையும் போட்டு, "அட்மின் நானும் திறக்கவில்லை" என்று எழுதினாள். அரைமணி நேரம் காத்திருந்தார்கள். பார்த்தது பதினொரு பேர்.

பொய்க்கு அறுபத்து மூன்று, மெய்க்குப் பதினொன்று! தப்பான சீட்டோடு பெட்டி போய்விட்டால், வேலையிடத்தில் வாங்கினவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லியாகணும். விசாலாட்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்பவே நெனச்சேன்" என்று எழுதிய வைஷாலியைத்தான் முதலில் அழைத்தாள். சாயிராவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னத்தடி நெனச்ச அப்பவே? அந்த லிங்க்கத் தெறந்து பாத்தியா?"

"இல்லயேக்கா."

"தெறக்காம எப்படிடி எழுதின?"

"மத்தவங்க போட்டா உடனே தூக்கிடுவீங்களேக்கா. இத மூணு நாளா விட்டு வச்சிருந்தீங்க. அப்ப நீங்க பாத்துட்டீங்க, உண்மைதான்னு நெனச்சோம்."

சாயிரா பானு எழுந்து போய், விற்காமல் கிடந்ததைக் கொட்டிவிட்டு அண்டாவைக் கழுவ ஆரம்பித்தாள்.