கடைசி பெஞ்சில் கணக்கு மிஸ்

என் சித்திக்கு உயரம் கொஞ்சம் குறைவு. அம்மாவின் தங்கை, வீட்டில் எல்லோருக்கும் தோள் வரைதான் வருவாள். முப்பத்தைந்து வயதில் முதல்முறையாகப் பள்ளி வேலைக்குப் போனபோது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் பீரியட் முடிவதற்குள் ‘தசமப்புள்ளி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சித்தி கோபப்படவில்லை. அந்தப் புள்ளி ஓர் இடம் தள்ளி நின்றால் கணக்கே கவிழ்ந்துவிடும், அது இன்னும் அவர்களுக்கு உறைக்கவில்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

அதுவரை எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டு, வாயசைவை வைத்தே உலக நடப்பைத் தெரிந்துகொள்ளப் பழகியிருந்தார். பள்ளியில் கிடைத்தது தற்காலிக வேலை. ஆண்டு முடிவில் தலைமையாசிரியை பரிந்துரைத்தால் நிரந்தரமாகும். இல்லையென்றால் மறுபடி சாப்பாட்டு மேசை. ஒன்பதாம் வகுப்பைக் கட்டி மேய்ப்பதுதான் உங்களுக்குப் பரீட்சை என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பரீட்சையில் சித்தி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தாள். டஸ்டரால் மேசையைத் தட்டிப் பார்த்தாள். சாக்பீஸ் தூள் பறந்து அவளுக்குத்தான் இருமல் வந்தது. பேசாமல் முறைத்துக்கொண்டு நின்றாள். அது யாருக்கும் தெரியவேயில்லை. பக்கத்து அறை அறிவியல் சார் சுவரைத் தட்ட ஆரம்பித்தார். பிள்ளைகள் பதிலுக்குத் தட்டினார்கள். வகுப்பில் ஒரு பெண் சிரித்தால் மாடிப்படி வரை கேட்கும். அவளுக்குப் பெயர் ‘ஸ்பீக்கர்’. கடைசி பெஞ்சில் நெடுநெடுவென்று ஒருவன் இருந்தான், ‘ஏணி’. இவர்கள் இரண்டு பேரும் அறையின் இரண்டு மூலைகளில் இருந்து பேசிக்கொண்டால், நடுவில் இருக்கும் நாற்பது பேரும் அந்தப் பேச்சில் உறுப்பினர்கள்.

“ஏம்மா, அங்க பாடம் நடக்குதா, சந்தை நடக்குதா?” என்று அப்பா கேட்பார்.

“சந்தையில பேரமாவது படியும் அத்தான்” என்பாள் சித்தி.

ஒருநாள் மதியம் ஏணியிடம் ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறாள். இங்கிருந்து போர்டே தெரியவில்லை என்றானாம். பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று சித்தி விறுவிறுவென்று போய் அவன் இடத்தில் உட்கார்ந்தாள். உண்மையிலேயே தெரியவில்லை. மதியத்துக்குமேல் ஜன்னல் வெளிச்சம் பலகையின் கீழ்ப்பாதியில் விழுந்து, எழுத்து மொத்தமும் வெள்ளைத் தகடாக மின்னியது. சித்தி எட்டி எழுதுவதும் அந்தக் கீழ்ப்பாதியில்தான். அத்தனை மாதமாகக் கடைசி இரண்டு வரிசைக்கும் கணக்கு என்பது காதால் கேட்கும் சமாச்சாரமாக இருந்திருக்கிறது. அதையும் ஸ்பீக்கர் கேட்கவிட்டதில்லை.

உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. முன்னால் நின்று பார்த்தால் முகங்கள் தெரியும். பதினான்கு வயது முகம் எந்தப் பாவனையும் காட்டும். முதுகுக்கு நடிக்கத் தெரியாது. யார் மேசைக்கடியில் போனைத் தடவுகிறார்கள், யார் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள் என்று ஒவ்வொரு முதுகும் சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து சித்தியின் இடம் கடைசி பெஞ்ச். ஏணி ஒரு வரிசை முன்னால் போனான். தினம் ஒருவர் பலகைக்குப் போய், மேல்பாதியில், பெரிதாக எழுதிக் கணக்குப் போட வேண்டும். பேச நினைப்பவர்கள் கை தூக்க வேண்டும். பலகையில் நிற்பவர் பெயர் சொன்னால்தான் வாய் திறக்கலாம். மீறினால் அந்தப் பீரியட் முழுக்க வாயை மூடிக்கொள்ள வேண்டும். மிஸ்ஸுக்கும் இதேதானா என்று ஸ்பீக்கர் கேட்டாள். இதேதான் என்று சித்தி வாக்குக் கொடுத்தாள். மூன்றாம் நாளே மறந்துபோய்க் குறுக்கே பேசி, மிச்ச நேரம் முழுக்க ஊமையாக உட்கார்ந்திருந்தாள். வகுப்பு அந்தச் சட்டத்தின்மேல் உயிரையே வைத்தது அதற்குப் பிறகுதான்.

தலைமையாசிரியை வந்தது ஆண்டு முடிவுக்குச் சற்று முன்னால். கேள்வி கேட்பார், பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அவர் உள்ளே நுழைந்ததும் வகுப்பு முழுவதும் எழுந்து நின்றது. கடைசி வரிசையில் சித்தியும் நின்றாள். அவளுக்கு முன்னால் ஏணி வகையறா நான்கு பேர். அன்று பலகையில் ஸ்பீக்கர்.

முன்னால் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார் தலைமையாசிரியை. ஆசிரியரே இல்லாமல் இவ்வளவு அமைதியான வகுப்பைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று பிள்ளைகளைப் பாராட்டினார். அடுத்த மூச்சில், பாட நேரத்தில் வகுப்பை விட்டுப் போகிறவர்களைப் பற்றித் தன் கருத்தைச் சொன்னார். வேலை நிரந்தரமாக வேண்டும் என்று கேட்பவர்கள் முதலில் வகுப்பில் நிரந்தரமாக இருக்கட்டும் என்றார்.

சித்தி கத்தியிருக்கலாம். நாற்பது பேர் முன்னால் கொடுத்த வாக்கு தடுத்தது. கை தூக்கினாள்.

தலைகளுக்குமேல் ஒரு கை மட்டும் தெரிந்தது.

“யாரது? சந்தேகத்தையெல்லாம் உங்க மிஸ் வந்ததும் கேட்டுக்கோ. கையை இறக்கு.”

சித்தி இறக்கவில்லை. வலித்தபோது இன்னொரு கையால் முட்டுக்கொடுத்துக்கொண்டாள். ஏணியின் முதுகு குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் நகர்ந்து, சத்தம் வராமல், பலகைவரை போய்ச் சேர்ந்தது.

“என்ன சிரிப்பு?” என்று கேட்டுவிட்டு, தலைமையாசிரியை அன்று அபூர்வமாகப் பதிலுக்குக் காத்திருந்தார்.

ஸ்பீக்கர் அவளுக்கே பழக்கமில்லாத மெல்லிய குரலில் சொன்னாள். “கடைசி பெஞ்சுல ஒருத்தங்க ரொம்ப நேரமா கை தூக்கிட்டு இருக்காங்க மேடம். நான் கூப்பிட்டாத்தான் பேசுவாங்க. கூப்பிடட்டுமா?”

“கூப்பிடு. யாருன்னு நானும் பார்க்கறேன்.”

“மிஸ், நீங்க பேசலாம்.”

ஏணி வகையறா விலகி நின்றார்கள்.

“வணக்கம் மேடம்” என்றாள் சித்தி. “நான் எங்கயும் போகல.”

தலைமையாசிரியை கடைசி பெஞ்ச் வரை நடந்து வந்து, அங்கே உட்கார்ந்து, எதிரே இருந்த முதுகுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

அந்த வாரம் சித்திக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கிய கையை இறக்கச் சொன்னபோதே இறக்கியிருக்கலாமே என்று அம்மா. தூக்கினதே தப்பு, பெஞ்சு மேல ஏறி நின்னிருக்கணும் என்று அப்பா. வெள்ளிக்கிழமை அவளைத் தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டார்கள்.

“வேலைக்கு வச்ச டீச்சரை வகுப்புல நான் தேட வேண்டியிருக்கு” என்று ஆரம்பித்து, நிறுத்தி, ஒரு உறையை மேசைமேல் நகர்த்தினார். “நிரந்தர உத்தரவு. அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பும் உங்களுக்குத்தான். அங்க பசங்க இன்னும் உயரம். பார்த்துக்குங்க.”

அவர் சிரிக்கவேயில்லையாம்.

அன்று மாலை சித்தி செருப்பைக் கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றாள். பத்தாம் வகுப்பில் மொத்தம் ஐம்பத்திரண்டு பேராம், அக்கா, எல்லாரும் வாயாடிகளாம் என்று கண் மின்னச் சொன்னாள். வேலை நிரந்தரமான செய்தியை, அப்பா வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் சொன்னாள்.