பரிசுக்குப் படித்த இந்தி

மத்திய அரசு ஆபீசில் இந்தித் தேர்வில் தேறினால் ரொக்கப் பரிசும், ஓராண்டுக்கு ஒரு கூடுதல் இன்க்ரிமெண்டும் உண்டு. டெல்லிக்கு மாற்றலாகி வந்த புதிதில் நானும் விழுந்து விழுந்து படித்தேன். செக்‌ஷனிலேயே முதல் மதிப்பெண். இன்க்ரிமெண்ட் நின்றதும் எழுத்துகளும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. காய்கறிக்காரரிடம் இந்தியில் பேரம் பேசுவேன். அவர் கடைப் பலகையைப் படிக்கச் சொன்னால் முழிப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. மதிப்பெண்ணை மட்டும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறேன். மேல்வீட்டு அதிகாரியின் தாயார் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், லக்னோக்காரர். குளிர்கால ஞாயிறுகளில் மொட்டைமாடி வெயிலில் உட்கார்ந்து இருவரும் பட்டாணி உரிப்போம். இந்த ஊரில் எனக்கென்று இருந்தது அவர் ஒருவர்தான். அவரிடம் போன் கிடையாது.

போன ஜனவரியில் லீவில் திருநெல்வேலி போய்த் திரும்பினால் மேல்வீடு பூட்டிக் கிடந்தது. மகனுக்கு மாற்றல், காலி செய்துவிட்டார்கள் என்றார் காவலாளி. என் கதவிடுக்கில் இந்தியில் எழுதிய தாள் ஒன்று கிடந்தது. கைபேசியில் படமெடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தேன். அந்தக் கிறுக்கல் அதற்கும் பிடிபடவில்லை. காவலாளியிடம் நீட்டியிருக்கலாம். முதல் மதிப்பெண் வாங்கியவள் எப்படி நீட்டுவது? விடைபெற்று எழுதியிருப்பார், நானே படித்துக்கொள்கிறேன் என்று வீம்பு.

பழைய பாடநூலை எடுத்து, சாயங்காலங்களில் எழுத்துக் கூட்டினேன். ஒரு பைசா வராத படிப்பு. ஆனாலும் இன்று கற்றது மறுநாள் மறக்கவில்லை. அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க அவ்வளவு ஏக்கமாக இருந்தது. மூன்று வாரத்தில் முழுவதும் படித்துவிட்டேன்.

“மாசக் கடைசி வரை சரோஜினி நகரில் தங்கை வீட்டில் இருப்பேன். மத்தியானம் என்றைக்கு வேண்டுமானாலும் வா. உன்னைப் பார்க்காமல் போக மனசில்லை.” கீழே விலாசம்.

அப்போது பிப்ரவரி பிறந்து பத்து நாளாகியிருந்தது. இருந்தும் மறுநாளே போனேன். பஸ்ஸில் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. தங்கைதான் கதவைத் திறந்தார்.

“அச்சா, நீங்கதானா! அக்கா தினம் மத்தியானம் பால்கனியிலயே உட்கார்ந்திருந்தாங்க. நான் போய்க் கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், அவளுக்கு நல்லாப் படிக்கத் தெரியும், வரணும்னு இருந்தா வருவான்னுட்டாங்க.”

அவரே அக்கா மகனின் எண்ணை அழுத்தி, அக்காவைக் கூப்பிடச் சொல்லி, போனை என் கையில் கொடுத்தார்.

“ஊர்லேருந்து நேத்துதான் வந்தேன்” என்றேன். படிக்கத் தெரியவில்லை என்று சொல்ல அப்போதும் நா எழவில்லை.