லெம்பேட்டின் அடையாள அட்டை

கொட்டாஞ்சேனையில் நிக்கலஸ் அண்ணனைப் போல ஒழுங்கு பார்க்கிற மனிதரை நான் கண்டதில்லை. துறைமுகத்தில் கிளார்க் வேலை. மற்ற நேரமெல்லாம் எங்கள் புளூ ஆங்கர் கால்பந்துக் கழகத்தின் மனேஜர். பிந்தி வந்தவனைப் பூட்ஸ் போட விடமாட்டார். ஜேர்சியை வெளியே தொங்கவிட்டால் பிடரியில் ஒன்று விழும். "இந்த மனுசன் என்னையில்ல, அந்தப் பந்தைத்தான் கலியாணம் கட்டினது" என்று அவர் மனைவி மெற்றில்டா அக்கா எங்களிடமே சொல்லுவா. நான் வின்சன்ற், அணியின் இரண்டாவது கோல் காப்பாளன். சீசன் முழுக்கப் பெஞ்சைத் தேய்த்தவன் என்பதால் அவருக்குப் பக்கத்தில் அதிகம் இருந்தவனும் நான்தான்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு லீக்கில் எங்கள் அதிர்ஷ்டம் லெம்பேட் உருவத்தில் வந்தது. மன்னார்ப் பெடியன். கனடாவிலிருக்கும் அக்கா கூப்பிடும்வரை வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தான். இடது பக்கத்தால் அவன் பந்தோடு ஓடினால் எதிரணிக்காரர் நின்று வேடிக்கைதான் பார்ப்பார்கள். பதினொரு மட்ச்சில் ஒன்பது கோல். மிச்சம் மூன்று மட்ச். அதில் இரண்டை வென்றால் முதலாம் பிரிவு. பதினாறு வருடமாக நிக்கலஸ் அண்ணன் அதற்காகத்தான் தவம் கிடந்தார்.

மட்ச் தொடங்குவதற்கு முன்னர் ரெஃபரி ஒவ்வொருவனின் அடையாள அட்டையையும் லீக் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். அதற்காக எல்லாருடைய அட்டைகளையும் அண்ணன் வாங்கி, ரப்பர் பான்ட் போட்டுத் தன் பையில் வைத்திருப்பார். முடிந்ததும் பெயர் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கையில் கொடுப்பார். அட்டை வாங்காமல் ஒருவனும் கிரவுண்டை விட்டு வெளிக்கிட முடியாது. செக்பொயின்டில் அட்டை இல்லாமல் நிற்கிற தமிழனின் கதி என்ன என்பது கொழும்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த போர்க்காலம் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி நிமிடத்தில் லெம்பேட் கோல் அடித்தான். இரண்டுக்கு ஒன்று. சிரிப்பையும் அளந்து சிரிக்கிற நிக்கலஸ் அண்ணன் மைதானத்துக்குள் பாய்ந்து, அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார். நாங்களும் கூடவே ஆடினோம். ஆறு மணிக்கு வெள்ளவத்தைக் கொமியுனிக்கேஷன் கடைக்கு கனடா அக்காவின் ரெலிபோன் அழைப்பு வரும் என்று லெம்பேட் ஜேர்சியோடேயே பஸ்ஸுக்கு ஓடினான்.

"ஓடு ராசா, ஓடு!" என்று அண்ணன்தான் அனுப்பி வைத்தார்.

அரை மணித்தியாலம் கழித்துத்தான் அட்டைகளின் நினைவு வந்தது. பெயர் பெயராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். கடைசியில் ஓர் அட்டை கையில் மிஞ்சியது. அதைப் பார்த்ததும் அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

இரண்டு பேரும் த்ரீவீலரில் வெள்ளவத்தைக்குப் பறந்தோம். லொட்ஜ் மனேஜர் வாசலிலேயே நின்றார். "செக்பொயின்டில பெடியனைப் பஸ்ஸால இறக்கிப் பொலிஸ் ஜீப்பில ஏத்திக்கொண்டு போயிட்டாங்களாம்" என்றார்.

பொலிஸ் நிலையப் படியில் அண்ணன் துணிவோடுதான் ஏறினார். அவருடைய சிங்களத்தைக் கேட்டால் சிங்களவரே அசந்துபோவார்கள். சார்ஜன் அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு அண்ணனின் துறைமுகப் பாஸையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"மன்னார்க்காரனின் அட்டை, துறைமுகத்தில் வேலை செய்கிற உன்னிடம் எப்படி வந்தது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அண்ணன் சார்ஜனின் கையிலிருந்த தன் பாஸையே பார்த்தார். வேலை, பாஸ், மெற்றில்டா அக்கா எல்லாம் அவர் கண்ணுக்கு முன்னால் வந்திருக்கும்.

"ரோட்டில் விழுந்து கிடந்தது, சேர்" என்று சிங்களத்திலேயே சொன்னார்.

"ஆளைத் தெரியுமா?"

"நே, சேர்." இல்லையாம்.

பைபிளில் வருகிற மறுதலிப்பைப்போல, சேவல் ஒன்று கூவாத குறைதான். சார்ஜன் என் பக்கம் திரும்பினார். நானும் தெரியாது என்று தலையை ஆட்டினேன். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"காட் போய்ச் சேர்ந்திட்டுதுதானே. பாத்திட்டு விட்டுடுவாங்கள்" என்றார் அண்ணன் வெளியே வந்து. "ஓம் அண்ணே" என்றேன். எங்களுக்கு எது வசதியோ அதை நம்பினோம்.

விடவில்லை. மிச்ச இரண்டு மட்ச்சையும் தோற்றோம். அண்ணன் மைதானக் கோட்டுக்கு வெளியே நின்றார்; ஒருவனைக்கூட ஏசவில்லை. ஆறு வாரத்துக்குப் பிறகு லெம்பேட் சிறையில் இருப்பதாக ஒரு லோயர் மூலம் தெரிய வந்தது. அன்றே அண்ணன் முடிவெடுத்துவிட்டார். "வேலை போனாப் போகட்டும். நீதவானிட்ட உண்மையைச் சொல்லப்போறன். அதுக்கு முன்னம் பெடியனிட்டச் சொல்லோணும்." மெற்றில்டா அக்கா அழுதுகொண்டே அவருக்குச் சேர்ட் அயன் பண்ணிக் கொடுத்தா.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் லெம்பேட் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தான். இடது கால் இழுபட்டது.

"தம்பி, அண்டைக்கு நான்..." என்று தொடங்கினார் அண்ணன்.

"சைன் வச்சிட்டன் அண்ணே" என்றான் அவன். "ஆர் எண்டதை மறைக்க அடையாள அட்டையை நானே எறிஞ்சனான் எண்டு சிங்களத்தில எழுதி வச்சிருந்தாங்கள். முதல் ரெண்டு நாளும் உங்கட பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தனான். எங்கட மனேஜரிட்ட இருக்கு, அவர் கட்டாயம் கொண்டு வருவார், அவரைக் கேளுங்கோ எண்டு. பிறகு பாத்தா, ஆரோ ரோட்டில கண்டெடுத்ததெண்டு கொண்டுவந்து குடுத்திட்டுப் போயிருக்கிறான். அதோட நான் சொன்னதெல்லாம் பொய்யாப் போச்சு."

அண்ணன் கம்பி வலையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"உங்கட பையில இருந்து விழுந்திருக்கும், என்ன? நீங்கள் யோசிக்காதேங்கோ அண்ணே. அண்டைக்கு எல்லாரும் ஆடின ஆட்டத்தில ஆருக்குத் தெரியும்? உங்களில ஒரு பிழையும் இல்ல."

நிக்கலஸ் அண்ணன் நெற்றியை வலையில் சாய்த்துக்கொண்டார்.

"ஓம் தம்பி" என்றார் கடைசியில். "விழுந்திட்டுது."

நீதவானிடம் அவர் போகவே இல்லை. நானும் போகவில்லை.