குகன் அண்ணையின் ஸ்டூவில் அரைக் கரண்டித் தூள்

குகன் அண்ணை போய்விட்டார்.

புதன்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில், மெட்ரோப் படியில்... நெஞ்சுவலி. அவ்வளவுதான் தெரியும்.

பல்கலைக்கழகத்தில் படித்த மூன்று வருடமும் சனி, ஞாயிறுகளில் ஒரு பிரெஞ்சு ரெஸ்டாரண்டில் பாத்திரம் கழுவினேன். அவர் அங்கே சமையல்காரர். முதல் நாள் நான் கோப்பைகளைத் தொடாமல் தயங்கி நின்றதைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, கோப்பை கடிக்காது" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

திங்கட்கிழமை ரெஸ்டாரண்ட் பூட்டு. அன்றைக்கு லா ஷப்பலில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போவேன். ஐந்தாம் மாடி. பல்கனியில் நின்றால் கீழே ரயில் பாதைகள். விசா அலுவலகமான பிரெபெக்சரிலிருந்து அவருக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வது என் வேலை. எங்கள் வீட்டில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். அதனால் இரண்டு வீட்டுக் கடிதங்களும் என் தலையில்.

வேட்டைக் காலத்தில் முதலாளியின் தம்பி மான் இறைச்சி கொடுப்பார். அண்ணை அதை ஞாயிறு இரவே வைனில் ஊறப்போட்டு, திங்கள் ஸ்டூ வைப்பார்.

முதலில் பேக்கனைப் பொரிப்பார். அந்தக் கொழுப்பிலேயே இறைச்சியை நாலைந்து துண்டாகப் போட்டுச் சிவக்க வைப்பார். "நெருக்கிப் போட்டால் தண்ணி விட்டு அழும்" என்பார். பிறகு வெங்காயம், கரட், ஊறின வைன். மூன்று மணி நேரம் மெல்லிய நெருப்பு.

ஒரே ஒரு சட்டம். தூள் போடக்கூடாது. எங்கள் வறுத்த மிளகாய்த்தூளைத்தான் சொல்கிறேன். "தூள் போட்டால் அது மான் கறி. இது ஸ்டூ. இருபது வருசமா இதைத்தான் சமைக்கிறன்."

கடைசி அரை மணி நேரம் இருக்கும்போது சிகரெட் பிடிக்கப் பல்கனிக்குப் போவார். கதவு சாத்துப்படும். உடனே அவர் மனைவி ஜெயா அக்கா அரிசி வாளிக்குப் பின்னாலிருந்து தூள் போத்தலை எடுப்பார். அரைக் கரண்டி. ஒரு கிளறல். போத்தல் திரும்பவும் ஒளிந்துவிடும்.

என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைப்பார். நான் கடிதத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். காது சுடும்.

சாப்பிடும்போது அண்ணை சொல்வார். "பாத்தியே பிள்ளை, தூள் இல்லாமலே எப்பிடி எழும்பி நிக்குது."

"ஓம் ஓம், எல்லாம் உங்கடை கைப்பக்குவம்" என்பார் அக்கா, முகம் மாறாமல்.

நான் பாண் ரொட்டியை ஸ்டூவில் தோய்த்தபடி தலையைக் குனிந்துகொள்வேன். கண்டுபிடித்துவிடுவாரோ, என்னைக் கேட்டுவிடுவாரோ...

ஒரு திங்கள், கையெழுத்து வாங்கப் பல்கனிக்குப் போனேன். அவர் கையில் சிகரெட் இல்லை. குளிருக்குள் வெறும் சேர்ட்டோடு சும்மா நின்றுகொண்டிருந்தார்.

"மூடிச் சத்தம் கேட்டுதோ?" என்றார்.

"என்ன மூடி அண்ணை?"

"நடிக்காதை. தூள் போத்தல் மூடி."

நான் ரயிலைப் பார்த்தேன்.

"ஒருநாள் அவ போட மறந்துபோனா. சப்பெண்டு கிடந்தது. அதைச் சாப்பிட்டு முடிக்க நான் பட்ட பாடு."

"அப்ப அக்காவிட்டைச் சொல்லலாமே?"

"சொன்னால் அடுத்த முறை மூண்டு கரண்டி போடுவா. நீ வாய் திறக்கக்கூடாது. சரியோ?"

"ஓம் அண்ணை" என்றேன்.

நேற்று அந்த வீட்டுக்குப் போனேன். நிறையச் சனம். அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு ஃப்ரீசரைத் திறந்து காட்டினார். அண்ணை கட்டி வைத்த மான் இறைச்சிப் பை.

வரும் புதன் எட்டுச்செலவு. அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிற நாள்.

"செவ்ரானிலை இருந்து வந்த மாமி ஆட்டுக்கறி வைக்கச் சொல்லுறா. நான் இதைத்தான் வைப்பன்" என்றார். பிறகு குரலைத் தணித்தார். "தூள் போடுறதோ, விடுறதோ?"

நான் ஃப்ரீசர் கதவைச் சாத்தினேன்.

"இவ்வளவு காலமும் ஏமாத்திப் போட்டன். அவருக்குத் தெரிஞ்சிருக்குமோ பிள்ளை? நீதானே மூலைக்குள்ளை இருந்து எல்லாத்தையும் பாத்துக்கொண்டிருந்தனீ."

"தெரியேல்லை அக்கா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்... வாக்குக் கொடுத்திருந்தேன். குசினி வாசலில் அந்த மாமி தேத்தண்ணிக் கோப்பைகளோடு நின்றார். எனக்கு எப்போதும் வாய் வருவதற்குள் நேரம் போய்விடும்.

"அப்ப போடாமல் விடுறன். கடைசியா ஒருக்காவெண்டாலும் அவர் சொன்ன மாதிரி" என்று சொல்லிப் போத்தலை உயரத் தட்டில் வைத்துவிட்டார்.

இரவு முழுக்க அதே யோசனை. நான் சொல்லாவிட்டால் புதன்கிழமை அவருக்கு முன்னால் வைக்கப்போவது அந்தச் சப்பென்ற ஸ்டூ.

சொன்னால்? "இவ்வளவு காலமும் ரெண்டு பேரும் சேர்ந்து என்னை மடைச்சியாக்கினீங்களோ" என்று அக்கா உடைந்துபோனால்? இந்த நேரத்தில்?

மூன்று தடவை மெசேஜ் எழுதி அழித்தேன். இது மெசேஜில் சொல்கிற விஷயம் இல்லை.

அக்கா பேஸ்புக்கில் இல்லை. அவரைத் தெரிந்த யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து நாளை மதியம் வரை ஒன்றும் சொல்லாதீர்கள். நானே போய்ச் சொல்ல வேண்டும். இங்கே எழுதிவிட்டால் பின்வாங்க மாட்டேன் என்றுதான் எழுதுகிறேன்.

செவ்வாய் தகனம். புதன் படையல். ஞாயிறு, நாளைக்கு, நான்.

அண்ணை, வாக்கு மாறுறன். கோவிக்காதேங்கோ.

நான் வந்து அக்காவோடை கதைச்சு முடிக்கும் வரைக்கும், நீங்கள் கொஞ்ச நேரம் பல்கனியிலை நில்லுங்கோ.