தேவானை போட்ட கோடு

தேவானைக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தியாகராய நகரில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அவளிடம் ரவிக்கைத் துணி வாங்காதவர்கள். பதினெட்டு வயதில் உடன்குடியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். கணவர் வெள்ளைத்துரையும் அவருடைய அண்ணன் சிதம்பரநாதனும் பனகல் பூங்காவுக்குப் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தார்கள். அதில் ரவிக்கைத் துணிப் பகுதியை இருபது வருஷமாகத் தனியாளாக ஆண்டவள் அவள்தான். புடவையை ஒரு தரம் பார்ப்பாள். அலமாரியில் அடுக்கியிருக்கும் அத்தனை பச்சைகளில் அதற்கான பச்சையைக் கை நீட்டி உருவி எடுப்பாள். கார் வைத்து வருகிற மாமிகளிடம்கூட, இந்த நிறம் உங்களுக்கு எடுக்காது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். அவர்களும் திட்டிக்கொண்டே போய், அடுத்த புடவைக்குத் திரும்பி வருவார்கள்.

எழுபத்து நான்காம் வருஷம் தை மாதம் அவளுக்கு இடது மார்பில் புற்றுநோய் என்றார்கள். அறுவை சிகிச்சை ஆயிற்று. அதற்கு மேல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். கரண்ட் விழ வேண்டிய இடத்தைக் காட்ட ஊதா மையால் நெஞ்சில் நாலு கோடு போட்டார்கள். இது அழியக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று நர்ஸ் நீரஜா மூன்று தரம் சொன்னாள்.

சிதம்பரநாதனுக்கு அது போதவில்லை. அவருடைய பத்து வருஷத்து வயிற்றுவலியை மயிலாப்பூர் இயற்கை வைத்தியர் ரகுபதி தீர்த்துவைத்திருந்தார். அன்றிலிருந்து வீட்டில் யார் தும்மினாலும் ரகுபதிதான். நோய் என்று தனியாக எதுவும் இல்லை, உடம்பில் தங்கிப்போன கழிவுதான் நோய், அதை வெளியேற்றினால் போதும் என்பது ரகுபதியின் கட்சி. காலையில் எனிமா, பிறகு வெண்பூசணிச் சாறு, வயிற்றில் ஈரமண், வாரத்தில் இரண்டு நாள் வெறும் எலுமிச்சைத் தண்ணீர்.

தேவானையும் ஆசைப்பட்டே போனாள், அதை மறைப்பானேன். ஆஸ்பத்திரியில் அவளை மேஜையில் கிடத்திவிட்டு எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு ஓடிவிடுவார்கள். ரகுபதியோ பக்கத்தில் உட்கார்ந்து, தூக்கம் வந்ததா, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்பார். சாறு குடித்த நாளில் குமட்டல் குறைந்ததும் உண்மை. காலையில் மயிலாப்பூர், மத்தியானம் அடையாறு. இரண்டு பக்கமும் சேர்ந்து விரட்டினால் நோய் எங்கே போய் ஒளியும் என்று நினைத்தாள். இரண்டாவது வாரம் படியேறினால் கண்ணை இருட்டியது. கழிவு போகும்போது அப்படித்தான் இருக்கும் என்றார் ரகுபதி. அதையும் நம்பினாள்.

பதினாறாம் நாள் காலை, கரண்டின் சூடும் ஒரு கழிவுதான், அதையும் இழுத்துவிடலாம் என்று ரகுபதி சொன்னார். அவரிடம் வேலை பார்த்த சுலோச்சனா நெஞ்சிலும் மண்ணை அப்பினாள். எரிந்துகொண்டிருந்த தோலில் குளிர்ச்சி பட்டதும் தேவானைக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அத்தனை சுகம். அரை மணி கழித்துக் கழுவியபோது மண்ணோடு கோடும் போயிருந்தது.

டாக்டருக்குத் தெரிந்தால் விரட்டிவிடுவாரே என்று வெள்ளைத்துரை கையைப் பிசைந்தார். சிதம்பரநாதன் பதறவே இல்லை. கடையில் துணிக்கட்டுகளில் குறிபோடுகிற பென்சிலை வரவழைத்தார். எச்சில் தொட்டால் ஊதாவாக எழுதும். இத்தனை வருஷம் நிறம் பார்த்தவளுக்கு நாலு கோடு போடத் தெரியாதா என்றார். தேவானைக்கும் அந்தப் பெருமை இருந்தது, பாவம். கண்ணாடி முன் நின்று நினைவிலிருந்து போட்டாள். நிறம் அச்சாக அப்படியே இருந்தது.

மத்தியானம் மேஜையில் படுத்தாள். மிஷின் பார்க்கும் நாகராஜ் கோட்டைப் பார்த்தான், மிஷினை அதற்கு நேராக வைத்தான், ஒன்றும் கேட்கவில்லை. ஆடாமல் படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் நடந்தான். தப்பித்தோம் என்று ஒரு நொடி நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த நொடி அவளுக்குக் கடை ஞாபகம் வந்தது. கடையின் குழல்விளக்கில் பொருந்துகிற நிறத்தை அவள் ஒரு நாளும் நம்பியதில்லை. வாங்க வந்தவர்களைத் தெருவுக்கு இழுத்துப்போய் வெயிலில் காட்டிய பிறகுதான் துணியில் கத்தரி வைப்பாள். ஒரு கெஜம் துணிக்கு அத்தனை பார்த்தவள் உயிருக்கு இப்படிப் பார்க்காமல் கிடக்கிறோமே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"நிறுத்துங்க தம்பி. இந்தக் கோடு நான் போட்டது" என்று எழுந்து உட்கார்ந்தாள்.

டாக்டர் பத்ரிநாராயணன் வந்து அளந்து பார்த்தார். கீழ்க்கோடு இரண்டு விரல் தள்ளியிருந்தது. எடை பார்த்தால் ஆறு கிலோ குறைந்திருந்தது. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி அவர் கத்தினார். படிக்காத ஜனங்களுக்கு வைத்தியம் பார்ப்பதே பாவம் என்றார். வெள்ளைத்துரை தலையைக் குனிந்துகொண்டார். தேவானை குனியவில்லை.

"தப்பு என் தப்புதான், அதான் நானே சொன்னேன். ஆனா இத்தனை நாளா வாரேன், தூங்கினியா, சோறு எறங்குதானு இங்க ஒருத்தரும் கேக்கலை. அங்க கேட்டாங்க, போனேன். எதைக் குடிக்கலாம், எதை விடணும்னு சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். ஏசாதீங்க."

டாக்டர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். சாப்பாட்டுக்கு மேல் சாறு குடித்தால் குற்றமில்லை. எனிமா, பட்டினி, மண் மூன்றும் கூடாது. இன்னும் இரண்டு கிலோ இறங்கினால் கரண்டையே நிறுத்த வேண்டி வரும். நாலு நாள் நன்றாகச் சாப்பிட்டுத் தேறி வந்தால் புதுக் கோடு போடலாம் என்றார்.

மறுநாள் காலை சிதம்பரநாதன் மயிலாப்பூருக்குக் கிளப்ப வந்து நின்றார். ஊரையே வாயால் அடக்குகிற தேவானை, கணவரின் அண்ணன் முன்னால் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்ததில்லை. கதவோரம் நின்று வெள்ளைத்துரை வழியாகத்தான் பேசுவாள். அன்றைக்கு இட்லியும் இரண்டு அவித்த முட்டையுமாகத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கவில்லை. ரகுபதியின் வைத்தியத்தைப் பாதியில் விட்டால் நோய் திரும்பும், அப்போது என்னைக் குறை சொல்லாதே என்றார் அவர்.

"பெரியத்தான், செத்தா நாந்தான் சாகணும். பொழைச்சாலும் நாந்தான் பொழைக்கணும். ரெண்டையும் நான் பாத்துக்கிடுதேன். நீங்க கடையத் தொறக்கப் போங்க."

சிதம்பரநாதன் நகரவில்லை, எழுந்து நிற்பாள் என்று காத்திருந்தார். தேவானை முட்டையைப் பிட்டு வாயில் வைத்தாள். குமட்டல் தொண்டைவரை வந்துவிட்டது. அவர் பார்த்துக்கொண்டிருக்க, விழுங்கினாள்.