மின்னாமல் எரிந்த நத்தார் விளக்குகள்

எங்கள் அம்மாவை அறிந்த எல்லோருக்கும் அவர் இலகுவில் எவரையும் நம்பாதவர் என்பது தெரியும். "அதையும் எழுதப்போறீங்களா, அக்கா?" என்று, அம்மாவின் நினைவாக இந்த நன்றி மடலை எழுத உட்கார்ந்த என்னிடம் தம்பி கேட்டான். எழுதாவிட்டால் இது வேறு யாருடைய அம்மாவோ ஆகிவிடும்.

முகத்துவாரத்தில் மீன்பிடிக் குடும்பமொன்றில் பிறந்த அம்மா, துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த அப்பாவை மணந்து கொட்டாஞ்சேனைக்கு வந்தார். கலவர நாட்களில், தெரிந்த குரல் என்று கதவைத் திறந்த அயல்வீடு எரிந்ததைக் கண்டவர். அப்பா இளவயதிலேயே காலமாக, பாடசாலைச் சீருடை தைத்து எங்கள் இருவரையும் வளர்த்தார். என்னைப் பெண்பார்க்க வந்தவர்களைக்கூட அயலில் விசாரித்த பிறகே உள்ளே இருத்தினார். என் கணவர் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

உயிர்த்த ஞாயிறன்று ஆலயங்களில் குண்டு வெடித்த பின் இந்தச் சந்தேகம் எங்கள் குறுகிய ஒழுங்கையின் எல்லா வீடுகளையும் பிடித்துக்கொண்டது. சில வருடங்கள் கழித்து எதிர்மாடியில் ஒருவர் குடிவந்தார். யாருடனும் கதைக்கமாட்டார். திரைச்சீலை எப்போதும் மூடியிருக்கும். மனைவி இருப்பதாகச் சொன்னார்கள், கண்டவர் இல்லை. மார்கழியில் கிறிஸ்து பிறப்புக்காக அம்மா பல்கனியில் மின்னும் விளக்குகளைக் கட்டிய மறுநாள் அவர் எங்கள் வாசலில் நின்றார்.

"அன்ரி, அந்த லைட்டை ஓஃப் பண்ண ஏலுமா?"

"ஏன் தம்பி?"

"வீட்டில கொஞ்சம் கரைச்சல்." அதற்கு மேல் சொல்லாமல் போய்விட்டார்.

"நத்தார் லைட் அவனுக்கு என்ன செய்யுது? பொலிசில சொல்லுவம்" என்றார் கீழ்வீட்டு அன்ரி. அம்மாவும் சம்மதித்தார். பொலிசில் சொல்ல ஏதாவது கண்ணில் படும்வரை அந்த ஜன்னலைக் கண்காணிப்பதென்று கதிரையைப் பல்கனிக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒருநாள் பொழுதுபடும் நேரம் மின்சாரம் நின்றது. வெக்கை தாங்காமலோ என்னவோ, எதிர்த் திரை விலகியது. இளம் பெண்ணொருத்தி தெருவைப் பார்த்தபடி நின்றாள். திடீரென்று மின்சாரம் வந்து எங்கள் விளக்குகள் மின்னத் தொடங்கின. அந்த மனிதர் ஓடிவந்து தன் இரு கைகளாலும் அவள் கண்களைப் பொத்தி உள்ளே இழுத்துச் சென்றார்.

அம்மா விளக்கை அணைத்துவிட்டு எதிர்மாடிக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். தட்டியும் கதவு திறக்கவில்லை.

"ஆர்? என்ன வேணும்?"

"ஒண்டும் வேணாம். லைட்டை நிப்பாட்டிட்டன். என்ன கரைச்சல் எண்டு கேக்க வந்தனான்."

கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. மனைவிக்கு வலிப்பு நோய் என்றார். மின்னும் ஒளி கண்ணில் பட்டால் விழுந்துவிடுவார். முன்பு இருந்த தெஹிவளையில் இதை அறிந்த வீட்டுக்காரர் வீட்டைவிட்டு எழுப்பிவிட்டாராம். அதனால்தான் இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த அம்மா சொன்னார்: "இயேசுவை ஞாபகப்படுத்தத்தானே லைட் போடுறம். அதால ஒரு பிள்ளை விழுந்தா, அது ஆரை ஞாபகப்படுத்தும்?"

ஒழுங்கையில் வீடு வீடாக ஏறி, விளக்குகளை மின்னாமல் எரியவிடும்படி கேட்டார்.

"அவன் சொல்லுறதை நம்புறீங்களா?" என்றார் கீழ்வீட்டு அன்ரி.

"நான் ஆரை நம்பினனான்? கண்ணால பார்த்தனான்."

ஒரு வீட்டார் மட்டும் மறுத்தனர். அம்மா மூன்றாம் முறையும் போய் நின்ற பிறகு அவர்களும் இணங்கினர். நத்தார் மாலை ஒழுங்கையெங்கும் விளக்குகள் அசையாமல் எரிந்தன. எதிர்மாடித் தங்கச்சி தன் பல்கனியில் கணவரின் கையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார்.

கடந்த வருடம் அம்மா புற்றுநோயால் படுத்து, எங்களை விட்டுப் போனார். ஆலயத்திலிருந்து வந்து செபித்தவர்களுக்கும், சாமர்த்தியமாய்ப் பேசி மருந்து கொடுத்த தாதியருக்கும், செத்தவீட்டு மூன்று நாளும் எங்கள் வீட்டுக்குச் சமைத்தனுப்பிய கீழ்வீட்டு அன்ரிக்கும் எங்கள் நன்றி. எந்த மருந்தையும் "இது என்னத்துக்கு? ஆர் சொன்னது?" என்று கேட்காமல் அம்மா வாங்கியதில்லை. எதிர்மாடித் தங்கச்சி மருந்துக் கரண்டியை நீட்டியபோது மட்டும், ஒன்றும் கேட்காமல் வாய் திறந்தார். அந்தத் தங்கச்சிக்கு எப்படி நன்றி சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.