மருமகளின் தேர்வும் என் கழித்தல் கணக்கும்

போன வருடம் எங்கள் மருமகள் அரசுப் பள்ளி வேதியியல் ஆசிரியர் தேர்வு எழுதினாள். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் புதுக்கடை என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டில் நடந்ததை இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

மகனுக்கு மஸ்கட்டில் வேலை. இவள் எம்.எஸ்சி. முடித்து, தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அரசு வேலை கிடைத்தால் அவன் ஊருக்கே வந்துவிடலாம் என்பது இருவரின் திட்டம். அந்தத் தேர்வோ எப்போதாவதுதான் வரும்.

நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். அவள் கேட்காமலேயே அவள் படிப்பில் மூக்கை நுழைத்தேன். வேதிப்பிணைப்பு பாடம் கண்ணில் பட்டது. ஓர் அணு எலக்ட்ரானை இன்னொன்றுக்கு விட்டே கொடுத்தால் அயனிப் பிணைப்பு. பகிர்ந்துகொண்டு ஒன்று தன் பக்கம் இழுத்தால் முனைவுறு சகப்பிணைப்பு. சமமாகப் பகிர்ந்தால் முனைவற்றது. எலக்ட்ரானை இழுக்கும் திறனுக்கு ஒவ்வொரு தனிமத்துக்கும் ஓர் எண் போட்டிருந்தது. சேரும் இரண்டு தனிமங்களின் எண்களையும் கழித்து, 1.7க்கு மேல் வந்தால் அயனி, 0.4க்குக் கீழே முனைவற்றது, நடுவில் முனைவுறு. இவ்வளவுதானா வேதியியல் என்று எனக்கு ஒரே இளக்காரம்.

"அது சும்மா ஒரு ஒத்தாசைக்கு வச்சிருக்கது மாமா. ஹைட்ரஜன் ஃபுளூரைடுக்கு ஒண்ணு புள்ளி ஒம்பது வரும், ஆனா அது சகப்பிணைப்பு. சோடியம் அயோடைடுக்கு ஒண்ணு புள்ளி ஆறுதான், அது அயனி. உலோகம் உண்டுமான்னும் பாக்கணும்லா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஒண்ணு புள்ளி ஏழுக்கு மேலயா கீழயா, அத மட்டும் சொல்லு. ஆளுக்குத் தக்க கணக்கு மாறுமா?"

அடுக்களையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "இது அவளுக்க பரீச்சையா, உங்களுக்க பரீச்சையா?"

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் அவள் பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவும் முன்பே கேள்வியோடு நிற்பேன். கழிக்காமல் பதில் சொன்னால் கத்துவேன். மூன்று நாள் வாதாடிப் பார்த்தவள் அதன்பிறகு, "சரி மாமா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். மாமனாரை எதிர்த்துப் பேசாத வீட்டில் வளர்ந்தவள். நானோ, ஒருவழியாகப் புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

தேர்வன்று துணைக்கு வருகிறேன் என்று நானும் கிளம்பினேன். வடசேரி பேருந்து நிலையம் போய்ச் சேரும்வரை பேருந்திலும் விடவில்லை. முன்சீட்டுக்காரர் பொறுக்க முடியாமல் திரும்பினார். "சாரே, அந்தப் பிள்ளைக்கு இத்திரி காத்து கிட்டட்டு, கொஞ்சம் மூச்சு விடட்டு!" பேருந்தே சிரித்தது. எனக்கு அவர் மேலும் எரிச்சல்தான் வந்தது. தேர்வுக்கூட வாசலிலும் ஒரு முறை, "ஒண்ணு புள்ளி ஏழு, மறக்காத" என்று சொல்லித்தான் உள்ளே அனுப்பினேன்.

விடைக்குறிப்பு வந்தபோது அவள் தன் விடைகளைக் குறித்து வைத்திருந்த வினாத்தாளோடு நான்தான் ஒத்துப் பார்த்தேன். அயனிப் பிணைப்பு உள்ளது எது என்று ஒரு கேள்வி. நான்கு விடைகளில் ஹைட்ரஜன் ஃபுளூரைடும் இருந்தது, சோடியம் அயோடைடும் இருந்தது. அவள் போட்டிருந்தது ஃபுளூரைடு. விடைக்குறிப்பில் அயோடைடு.

"விடைக்குறிப்பே தப்பு! ஆட்சேபணை எழுதிப் போடு!" என்று குதித்தேன்.

அவள் வினாத்தாளை மடித்து வைத்தாள். "தப்பில்ல மாமா. பத்தாங்கிளாஸ் பிள்ளையளுக்கு நானே சொல்லிக் குடுக்கதுதான். அங்க இருந்தப்போ கழிக்கத்தான் தோணிச்சு. நீங்க பக்கத்துல நின்னு சத்தம் போடது மாதிரியே இருந்துது."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முடிவு வந்தது. ஒரே ஒரு மதிப்பெண்ணில் அரசு வேலை கைநழுவிப் போயிற்று. அன்று இரவு மகன் தொலைபேசியில் கேட்டபோது அவள், "எளுப்பமான கேள்விதான், நாந்தான் அவசரத்துல மாத்திப் போட்டுட்டேன்" என்றாள். பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். "இல்லப்பா, நான்தான் கெடுத்தேன்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகிவிடும்? சொல்லவில்லை. அதன்பிறகு சொந்தக்காரர்கள் விசாரித்தபோதெல்லாம் அவள் அதையே சொன்னாள், நானும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மகன் இன்னும் மஸ்கட்டில்தான் இருக்கிறான். முப்பது வருடம் பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மையால் சுழித்தவனுக்குத் தன் தப்பைத் தன்னுடையது என்று எழுத ஒரு வருடம் ஆகியிருக்கிறது. அதுவரை அதை அவள் தன் பெயரில் சுமந்தாள் என்பதை நினைக்கும்போதுதான் எங்கள் வீட்டில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.